பத்தியில் இல்லாத வீடு

ஜெனிட்டாவின் தாளில் மறுபடியும் சிவப்பு மைக் கோடு விழுந்தது. வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்கு ஒரு மையத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைய வாசிப்புப் பத்தி அவள் ஊர்த் துறைமுகத்தைப் பற்றியது. அதனால் கடற்கரை மக்கள் செழித்தார்கள் என்றது பத்தி. சரியா, தவறா என்ற கேள்விக்கு அவள் ‘தவறு’ என்று எழுதியிருந்தாள்.

“பத்தியில இருக்கறத மட்டும் பாரும்மா. உனக்குத் தெரிஞ்சத யாரு கேட்டா?” என்றார் பயிற்சியாளர் ஹென்றி.

“அந்தத் துறைமுகத்துக்கு அலத்தடுப்புச் சுவரு கட்டின மறுவருசமே எங்க வீட்டக் கடல் கொண்டு போச்சு சார். அம்மையோட கல்லறையையும் சேத்து.”

“இருக்கலாம். பத்தியில இல்லையே!”

வகுப்பே சிரித்தது. ஹென்றியும் சிரித்துக்கொண்டே கணினிப் பக்கம் திரும்பினார். “அடுத்தது லிசனிங். ஹெட்போன மாட்டுங்க. ஆடியோ ஒரு தடவதான் ஓடும்.”

ஜெனிட்டாவுக்குக் காது மடல் வரை பற்றி எரிந்தது. ஹெட்போனை மேசையில் எறிந்துவிட்டு, விடுவிடுவென்று முன்னால் போய் வகுப்பைப் பார்த்து நின்றாள்.

“பென்சில எடுங்க சார். எல்லாரும் எடுங்க. ஒருக்காதான் சொல்லுவேன். நான் சொல்லுறத மட்டும் எழுதணும். உங்களுக்குத் தெரிஞ்சத எழுதப்பிடாது.”

ஹென்றி வாயைத் திறந்தார். அதற்குள் கடைசி வரிசையில் யாரோ ஹெட்போனைக் கழற்றி வைத்தார்கள்.

“எங்க வீட்டுக்கு ரெண்டு வாசல்,” என்று அவள் ஆரம்பித்தாள். “கடலப் பாத்த வாசல நாங்க ஒருநாளும் பூட்டினதில்ல.”