ஒற்றைப் பனைக்குக் கீழே

அவன் தோண்டிக்கொண்டே இருந்தான்.

அங்கே எதுவும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

மேலே, பனையைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி நின்றாள். கையில் மஞ்சள் துணி.

ஒவ்வொரு மழைக்கும் தேரி மேட்டின் செம்மணல் அரிபட்டுப் பள்ளம் அகன்றுகொண்டே வந்தது. முதலில் ஆடு தாண்டும் ஓடை. இப்போது முழுப் பனையை விழுங்கும் ஆழக் கிடங்கு. போன ஐப்பசியில் அது இந்த ஒற்றைப் பனையை எட்டிவிட்டது. பாதி வேர் அந்தரத்தில் தொங்கியது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அடுத்த மழைக்கு முன்ன புள்ளைய எடுத்துருவோம். ஓடையோட போயிரக் கூடாது."

அவர்கள் பிள்ளை கொம்பையாவைப் புதைக்க அன்று ஆண்கள்தான் போனார்கள். பெண்கள் இடுகாட்டுக்கு வரும் வழக்கமில்லை. பிள்ளை அப்போது நடை பழகியிருக்கவில்லை. மணல்மேட்டுச் சரிவில் அவனே குழி வெட்டினான். அடையாளத்துக்கு ஒரு உடைமரத்து முள்கொப்பு நட்டுவைத்தான். ஆடிக் காற்று வந்தது. கொப்பு என்ன, மேடே இடம் மாறிவிட்டது.

அதற்குப் பிறகுதான், எந்த இடம் என்று அவள் வாசலில் நின்று கேட்டாள்.

அவன் கை தானாக அந்தப் பனையைக் காட்டியது.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இவன் பொய்க்கு வேரும் ஓலையும் இருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் அவள் அந்தப் பனையைப் பார்த்து வாசலில் விளக்கு வைத்தாள். அந்நேரம் அவன் வீட்டுக்குள் எதையாவது தேடிக்கொண்டிருப்பான்.

மண்வெட்டி எதிலோ மோதியது.

வெள்ளையாக, விரல் பருமனில் ஒரு துண்டு. செத்த வேரைச் சுற்றி இறுகிப்போன சுண்ணாம்பு. ஓடைக்கரையெங்கும் கிடக்கும். ஊர்ப்பிள்ளைகள் அதை வைத்துத்தான் தரையில் கோடு கிழித்து விளையாடுவார்கள்.

அவன் குனிந்த தலை நிமிரவில்லை. இன்னும் சில துண்டுகளைப் பொறுக்கினான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

துணியை வாங்கி, அதில் வைத்து நீட்டினான்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். ஒன்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு, விரலில் ஒட்டிய வெள்ளையை வெகுநேரம் பார்த்தாள்.

துணியை முடிந்தாள்.

"வேற எடத்துல வைப்போம். இந்தத் தடவ நானும் வாறேன். எடம் எனக்குத் தெரியணும்லா."

மண்வெட்டியை அவளே எடுத்துக்கொண்டாள்.