உஷார் சாந்தகுமார்

சாந்தகுமாரை ஏமாற்ற இனி ஒருவன் பிறந்துதான் வரவேண்டும். ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். முக்கியமாகச் சாந்தகுமாரே சொல்வார்.

ஒரு காலத்தில் அவரும் ஏமாந்தவர்தான். செல்போன் வாங்கிய புதிதில், ஐந்து லட்சம் பவுண்டு பரிசு விழுந்திருப்பதாக வந்த மெசேஜை நம்பி, முன்பின் தெரியாத ஒருவன் கணக்கில் எட்டாயிரம் ரூபாயைக் கட்டிவிட்டு, இரண்டு மாதம் வீட்டில் தலைகுனிந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஆள் அடியோடு மாறிவிட்டார்.

ரஃபி அகமது பாயின் ஷூ கம்பெனியில், தையல் மிஷினில் உட்காரும் பெண்கள் யாருக்கு எந்த மெசேஜ் வந்தாலும் ஆபீசுக்கு ஓடிவந்து முதலில் இவரிடம்தான் காட்டுவார்கள்.

"அண்ணா, எனக்குக் கார் விழுந்திருக்குதாம்."

"டிக்கெட் வாங்கினியா?"

"இல்லியே."

"வாங்காத டிக்கெட்டுக்கு எப்டிம்மா கார் விழும்? அழி."

தீர்ந்தது.

வெளிநாட்டுக்காரர்களோடு நடக்கும் கடிதப் போக்குவரத்தும், அவர்களிடமிருந்து பணம் வரவழைப்பதும் சாந்தகுமாரின் வேலை. தீபாவளியும் ரம்ஜானும் ஒரே வாரத்தில் வந்த வருஷம் அது. நூற்றிருபது பேருக்கு போனஸ் கொடுக்க வேண்டும். ஜெர்மனிக்குப் போன கன்டெய்னருக்கான பணம் வந்தால்தான் போனஸ். அந்தப் பணம் வந்தபாடில்லை.

"அனுப்பிட்டோம்னு அவன் சொல்றான். வரலன்னு பேங்க்ல சொல்றாங்க. பேஜாரா போச்சுப்பா. ஜெர்மன்காரன் டபாய்க்கிறானா?" என்று கேட்டார் பாய்.

"அவங்க பொய் சொல்றவங்க இல்ல பாய். வெளிநாட்டுப் பணம், நாலு நாள் முன்ன பின்ன ஆவும்."

நாலு நாள் பதினெட்டு நாளாயிற்று. சாந்தகுமார் தினமும் பேங்க்குக்கு நடந்தார். வாசலில் அவர் தலை தெரிந்ததுமே கவுன்டரில் இருந்தவர் கையை விரித்தார். போனஸ் இல்லையென்றால் நூற்றிருபது பேரும் வந்து நிற்கப்போவது தன் மேசைக்கு முன்னால்தான் என்று அவருக்குத் தெரியும். பண்டிகைத் துணியைக் கடனுக்கு எடுத்துவைத்துவிட்டுக் காத்திருக்கிற பெண்கள் அவர்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நைஜீரியாவிலிருந்து அந்த ஈமெயில் வந்தது.

'அன்புடையீர், நான் லாகோஸ் நகரில் ஒரு வங்கியின் அதிகாரி. தங்கள் நிறுவனத்துக்குரிய பெரிய தொகை ஒன்று எங்கள் வங்கியில்...'

அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. "எட்டாயிரம் கொடுத்துப் படிச்ச பாடம்மா இது," என்று டெலிபோனும் ஃபேக்ஸும் பார்த்துக்கொள்ளும் ஹெலனிடம் சொல்லிவிட்டு அழித்தார்.

மறுநாள் இன்னொன்று வந்தது. அழித்தார். மூன்றாவது வந்தபோது அவருக்குப் பின்னால் பாய் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாப்பா இது? நம்ம கம்பெனி பேர்தான போட்டிருக்கான்?"

"பேரு எங்க வேணா கிடைக்கும் பாய்."

"பணம் இருக்குதுன்றானே."

"இருக்குதுன்னுதான் சொல்லுவான். அப்பறம் அத எடுக்கறதுக்கு அம்பதாயிரம் கட்டுன்னுவான்."

பாயின் கண் கம்ப்யூட்டரை விட்டு அகலவில்லை. கையில் காசில்லாத நேரத்தில் எந்த மனுஷனுக்கும் வருகிற சபலம்தான். "சும்மா ஒரு பதில் போட்டுப் பாரேன். இன்னான்னுதான் கேப்பமே."

"பதில் போட்டா நாம சிக்கிட்டோம்னு அர்த்தம் பாய்." பாயின் கண் முன்னாலேயே அதையும் அழித்தார் சாந்தகுமார்.

அன்று மாலை லாகோஸிலிருந்து போனே வந்துவிட்டது. பாய் ரிசீவருக்குக் கை நீட்டினார். சாந்தகுமார் முந்திக்கொண்டு வாங்கி, "நோ மணி! போலீஸ் கம்மிங்!" என்று கத்திவிட்டு வைத்தார். ஹெலன் கை தட்டினாள். பாய்கூட வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டார்.

"நீ இல்லன்னா நான் மாட்டியிருப்பன்பா."

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பொறுமை தீர்ந்துபோய், பணம் அனுப்பிய ரசீதை உடனே ஃபேக்ஸ் செய்யும்படி ஜெர்மனிக்கு எழுதினார் சாந்தகுமார். ஒரு மணி நேரத்தில் இரண்டு தாள்கள் வந்தன. ஹெலன் கிழித்துக் கொடுத்தாள்.

முதல் தாள் ரசீது. தொகை சரி. சொன்ன தேதியிலேயே அனுப்பியிருந்தார்கள். பணம் போய்ச் சேர்ந்த இடத்தில் மட்டும் ஆம்பூர் இல்லை, லாகோஸ் என்று இருந்தது.

இரண்டாவது தாள், ஜெர்மனிக்குப் போயிருந்த ஒரு கடிதத்தின் நகல். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. இனி கீழ்க்கண்ட கணக்கில் பணம் செலுத்தவும்.' மேலே கம்பெனியின் பெயர், முகவரி எல்லாம் கச்சிதமாக இருந்தன. கீழே 'சாந்தகுமார்' என்று கையெழுத்து. அவர் அப்படியொரு கடிதத்தை எழுதியதே இல்லை.

எவனோ ஒருவன் அவர் பெயரில் எழுதி ஜெர்மன்காரர்களை ஏமாற்றியிருந்தான். பாய் இரண்டு தாளையும் வாங்கிப் படித்தார். திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

அன்று காலை வந்த லாகோஸ் கடிதம் இன்னும் அழிக்கப்படாமல் கிடந்தது. முதல் தடவையாகச் சாந்தகுமார் அதை முழுவதும் படித்தார்.

'அன்புடையீர், எங்களிடம் கணக்கு வைத்திருக்கும் ஒருவருக்கு ஜெர்மனியிலிருந்து தங்கள் நிறுவனத்தின் பெயரில் பணம் வந்தது. அது தங்களுடைய பணம் என்று சந்தேகப்பட்டு நிறுத்திவைத்தோம். மூன்று முறை எழுதியும், ஒரு முறை போன் செய்தும் தாங்கள் உரிமை கோராததால், இன்று காலை அதை அவரிடமே கொடுத்துவிட்டோம்.'

அதற்குக் கீழே, தன் எல்லாக் கடிதங்களிலும் அந்த வங்கி வழக்கமாகச் சேர்க்கும் ஒரு வரியும் இருந்தது: 'முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் ஈமெயிலுக்குத் தயவுசெய்து பதில் போடாதீர்கள்.'