வராத பெரியப்பா

கல்யாணத்துக்கு வராதவர்களையும் போட்டோவை வைத்து கம்ப்யூட்டரில் வீடியோவில் சேர்த்துத் தருவது இப்போது எல்லா ஸ்டுடியோவிலும் வழக்கம். சுடலைமுத்து மகளின் கல்யாண வீடியோவையும் வள்ளிமயில் அப்படித்தான் முடித்து, சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்பிவைத்தாள்.

மறுநாளே மணப்பெண்ணின் பெரியப்பா இசக்கியப்பன் கொதித்துப்போய் அவள் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். தம்பியோடு பல வருஷமாகப் பேச்சே இல்லாததால் கல்யாணத்துக்குப் போகாதவர் அவர்.

"நான் எப்பம்மா அங்க போனேன்? பந்தியில தம்பிக்கு நான் பாயசம் ஊத்துதேன், அவன் சிரிக்கான்! ராசியாயிட்டீயளான்னு ஊரே கேக்கு!"

வள்ளிமயில் அவசரமாகக் கம்ப்யூட்டரில் அந்த வீடியோவைத் திறந்தாள். "மன்னிச்சுக்கிடுங்க ஐயா, இப்பமே எடுத்துருதேன். உங்க போட்டோவ உங்க தம்பிதான் கொடுத்தாவ. எங்கண்ணன் இல்லாம வீடியோ வேண்டாம்னு சொன்னாவ."

இசக்கியப்பன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திரையில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான்.

"அழிக்காத தாயி" என்றார். "கேமராவ எடுத்துக்கிட்டு எங்கூட வா. பாயசம் வாங்கிட்டுப் போவோம்."

கதவைத் திறந்த சுடலைமுத்து வீடியோவில் இருந்ததுபோல அழகாகச் சிரிக்கவில்லை. "வாண்ணே" என்றவர், கண்ணும் மூக்கும் ஒழுக அழுதார். வள்ளிமயில் அதைப் படம்பிடித்து, ஒரு திருத்தமும் செய்யாமல் எல்லோருக்கும் அனுப்பினாள்.