மேல்குட்டைக்கு ஆய்வு வந்த கதை

மேல்குட்டையில் சேரும் தண்ணீரில் பாதியைக் கீழ்க்குட்டைக்கு விடவேண்டும். அதுதான் நீர்த்திட்டம். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வட்டாரத்திலிருந்து எருமை வரப்போவதாகச் செய்தி வந்தது. மேல்குட்டைத் தலைவரான தவளை உடனே நண்டைக் கூப்பிட்டது.

"மதகைச் சேறு வெச்சு அடைச்சிடு. ஐயா வரும்போது குட்டை தளும்பி நிக்கணும்."

"கீழே தலைப்பிரட்டைங்களுக்கு இன்னும் காலே முளைக்கலைங்க. தண்ணி வத்திப்போனா அதுங்க எங்கே போகும்?"

"ஆய்வு முடிஞ்சதும் திறந்துடலாம்ப்பா. அதுவரைக்கும் தாங்காதா?"

நண்டு அடைத்தது. எருமைதான் வரவில்லை. வழியில் எந்தக் குட்டையைக் கண்டாலும் இறங்கிப் படுத்துவிடுவது அதன் வழக்கம்.

சாயங்காலமானால் கீழ்க்குட்டைத் தவளைகள் தண்ணீர் கேட்டுக் கத்தின. அப்புறம் சில மட்டும் கத்தின. அப்புறம் ஒரே ஒரு குரல் வெகுநேரம் கத்தியது. நண்டு மதகுவரை போய்ப் போய்த் திரும்பியது.

"ஐயா வர்ற நேரத்துல அதுல கை வைக்காதே" என்றது தவளை.

ஒருவழியாக எருமை வந்து சேர்ந்தது. கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

"குட்டை பிரமாதம். கீழ்க்குட்டைக்காரங்களுக்கு ஏதாவது குறை உண்டா?"

எருமை இரண்டு காதுகளையும் கீழ்ப்பக்கம் திருப்பி, பொறுமையாகவே கேட்டது.

"ஒரு முணுமுணுப்புக்கூட இல்லையே! நல்ல திட்டம். எல்லாக் குட்டையிலேயும் இப்படியே செய்யச் சொல்றேன்."