நினைவுக்கல்லில் ஒரு சொல்

போர்முனையை வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்த மேயர் ஹார்கிரீவ், முதல் உலகப்போரில் மடிந்த இங்கிலாந்தின் லங்காஷயர் பட்டாளத்தாரின் நினைவுக்கல்லுக்குத் தானே எழுதிய வாசகத்தைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "எதிரியின் குண்டுக்கு இரையான எங்கள் மாவீரர்கள்."

அந்தப் பட்டாளத்தில் மிஞ்சியிருந்த ஒரே கிழவர் சேத் குறுக்கிட்டார். "'எதிரியின்'ங்கிற சொல்லை மட்டும் எடுத்துடுங்க, ஐயா."

"ஏன்யா, ஜெர்மன்காரன் மேல திடீர்ப் பாசமா?"

"எங்க பட்டாளத்து வால்டர் பேரும் இதுல இருக்கே."

"அவனை வேற யாரு சுட்டது?"

"பயந்து ஓடினான்னு நம்ம அதிகாரிங்களே கம்பத்துல கட்டிவெச்சு, எங்கள்ல ஆறு பேரை நிறுத்தி அவனைச் சுடச் சொன்னாங்க. மனசு உறுத்தக் கூடாதுன்னு யாருதுன்னு சொல்லாம ஒரு துப்பாக்கியில மட்டும் குண்டில்லாம வெறும் வெடிமருந்து. அது தோளை உதைக்காது."

மேயரின் குரல் தாழ்ந்தது. "அது உங்க துப்பாக்கியா இருந்திருக்கலாமே?"

கிழவர் வலது தோளைத் தடவிக்கொண்டார்.

"நல்லா உதைச்சுதுங்க."