சாரத்தின் மேல் ஒரு படம்

கட்டுமான மேலாண்மை வகுப்பில் செண்பகவல்லி ஒருத்திதான் பெண். கூடச் சேர்ந்த இரண்டு பெண்களும் முதல் வருடத்திலேயே நின்றுவிட்டார்கள். கட்டடம் எழும்பும் இடங்களுக்கு வகுப்போடு போகும்போதெல்லாம் பேராசிரியர் துரைசிங்கம், "வெயில்ல அலையாதம்மா, நிழல்ல உக்காரு" என்று அவளைக் கீழேயே நிறுத்திவிடுவார். பையன்கள் மட்டும் சாரத்தில் ஏறுவார்கள். இன்றைக்கு அவரே, "மேல வாம்மா" என்று கூப்பிட்டு, உறை பிரிக்காத புது ஹெல்மெட்டை நீட்டியதும் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஏறிப்போனால், மூன்றாம் மாடியில் புகைப்படக்காரர் காத்திருந்தார்.

"அந்தக் கம்பியச் செக் பண்ற மாதிரி குனிங்க மேடம். லேசாச் சிரிங்க."

குனிந்தாள். படம் எடுத்தாயிற்று.

"இதப் பாத்தா அடுத்த வருசம் நெறைய பொண்ணுங்க சேருவாங்க" என்றார் துரைசிங்கம். "சரி, இறங்கும்மா. கான்கிரீட் போடணும்."

அவள் நிமிரவில்லை. "சார், தூண் பக்கத்துல கம்பியச் சுத்திக் கட்டுற வளையமெல்லாம் ரொம்பத் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கு. வரைபடத்துல நெருக்கமாத்தானே இருக்கு?"

"அதெல்லாம் கட்டுறவங்க பாத்துக்குவாங்க. நீ இறங்கு."

இவ்வளவு நாளும் தன்னை நிழலில் உட்கார வைத்தது வெயிலுக்காக இல்லை, இப்படி எதையாவது பார்த்துக் கேட்டுவிடுவாள் என்றுதானோ என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. கீழே கலவை இயந்திரம் சுற்றத் தொடங்கியது; கான்கிரீட் விழுந்துவிட்டால் வளையங்கள் மூடிப்போகும். செண்பகவல்லி அந்தக் கம்பிகளின் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, இதையும் ஒரு படம் எடுங்க."

கேமராவைத் தூக்கிய புகைப்படக்காரர், துரைசிங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.