தைத்தது எந்தக் குருவி?

"கூட்டைத் தெச்சிருந்தாலே தையல்சிட்டுன்னு முடிவு கட்டிடாதீங்க" என்றார் ரோஸ்மேரி டீச்சர். "கதிர்க்குருவியும் இலையைத் தைக்கும்."

நஞ்சராயன் குளத்துக்கரையில் ஞாயிறுதோறும் வருகிறவர்களுக்குப் பறவை காட்டுபவர் அவர். தையல்சிட்டுக்கு உச்சந்தலை செம்பழுப்பு, முதுகு பச்சை. சாம்பல் கதிர்க்குருவிக்குத் தலையே சாம்பல், பறக்கையில் டப் டப்பென்று சொடுக்குப் போடும். அவர் சொல்லச் சொல்ல மாரிச்செல்வத்துக்குப் பக்கத்தில் நின்ற மனைவி கோமளாவைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்தச் சொடுக்கு இருபத்திரண்டு வருஷமாக அவன் காதிலேயே இருக்கிறது.

அப்போது அவன் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். தெற்கேயிருந்து பிழைக்க வந்தவன். கோமளா அங்கே செக்கிங். ஒரு தையல் விட்டிருந்தாலும் பீஸைத் திருப்பி அனுப்பிவிடுவாள். முதலாளி வந்து நின்றாலும் மசியமாட்டாள். கட்டிக்கொள்ளச் சொல்லி ஆறு மாதம் சுற்றியும் அவனுக்குப் பிடிகொடுக்கவில்லை.

ஒருநாள் டீ நேரத்தில், கம்பெனிக்குப் பின்னாலிருந்த செடியில் அந்தக் கூட்டைப் பார்த்தார்கள். இரண்டு இலைகளைச் சேர்த்து, கம்பெனி வேஸ்ட் நூலாலேயே தைத்திருந்தது. டெய்லருக்கு வேறென்ன தோன்றும்? தையல்சிட்டு என்று அடித்துச் சொன்னான்.

"நான் சொன்னது சரின்னா என்னையக் கட்டிக்கிடுவியா?"

"பார்த்துட்டுச் சொல்றேனுங்க" என்று போனவள், செடியருகே வெகுநேரம் நின்றாள். குருவி சொடுக்குப் போட்டபடி பறந்ததும் திரும்பி வந்து, தையல்சிட்டேதான் என்றாள்.

குருவி பிடித்துக் கொடுத்த பெண்டாட்டி என்று அவன் பீற்றிக்கொள்ளாத விசேஷ வீடில்லை. எவ்வளவு நல்ல நாட்கள் அவை. எல்லாமே தப்பான தீர்ப்பில் கிடைத்ததா? சொல்லாமல் இருந்துவிடலாம்தான், மனசு கேட்கவில்லை.

"கோமளா, அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன் போல. அந்தக் குருவிக்குத் தலை சாம்பல்தானே?"

அவள் நாணலைப் பார்த்தபடியே சொன்னாள். "ஆமாங்க. எங்க சோளக்காட்டுல தெனமும் பார்த்த குருவி, எனக்குத் தெரியாதுங்களா?"

நாணலை விட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"தப்புன்னு தெரிஞ்சே நான் பாஸ் பண்ணுன ஒரே பீஸ் நீங்கதானுங்க."